லிப்ரேட்டரின் வயிற்றுக்கடியில்

பெரியப்பா பஸ்ஸில் ஏறும் முன் அதன் பக்கவாட்டுத் தகட்டைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்ப்பார். தகடுகளைச் சேர்க்கிற ரிவெட் ஆணி வரிசையைத்தான். நாலைந்து ரிவெட்டைத் தொட்டதும் தீர்ப்பு வந்துவிடும். "தேறும்" என்பார். இல்லாவிட்டால், "எவனோ சாப்பாட்டு மணி அடிக்கிற நேரத்துல அடிச்சிருக்கான்" என்பார். பின்னால் நிற்கிறவர்கள் ஏறச் சொல்லிக் கத்துவார்கள். பெரியம்மாவுக்கு அவமானம் தாங்காது, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு யாரோ போல முன் படிக்கட்டில் ஏறிவிடுவார்.

1953-இல் பெங்களூரு எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் ஃபிட்டராகச் சேர்ந்தவர் அவர். வயது 18. ஊர் ஆம்பூர்ப் பக்கம். நாட், மாருத், கிரண் என்று பிற்காலத்தில் எத்தனையோ விமானத்தில் கை வைத்திருக்கிறார். ஆனால் அவர் பேச்சில் திரும்பத் திரும்ப வருவது ஒன்றுதான்: லிப்ரேட்டர். "லிபரேட்டர், பெரியப்பா" என்று நான் திருத்துவேன். "அது வெள்ளைக்காரனுக்கு. எங்க ஷெட்டுல லிப்ரேட்டர்தான்" என்பார். அதனால் இங்கே இரண்டும் கலந்து வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பி-24 லிபரேட்டர் இரண்டாம் உலகப் போரின் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம். நாலு எஞ்சின், இரட்டை வால், 110 அடி இறக்கை. 1939 டிசம்பரில் முதல் முறை பறந்தது. போர் முடிவதற்குள் 18,000-க்கு மேல் கட்டிவிட்டார்கள். அமெரிக்காவின் வேறு எந்தப் போர் விமானமும் இவ்வளவு எண்ணிக்கையில் கட்டப்படவில்லை. மிச்சிகனில் வில்லோ ரன் என்ற இடத்தில் ஃபோர்டு கம்பெனி கார் செய்கிற முறையிலேயே இதைச் செய்தது. 1944-இல் கிட்டத்தட்ட மணிக்கு ஒரு விமானம் வெளியே வந்தது. அழகு என்று சொல்ல முடியாது. அதே காலத்து இன்னொரு அமெரிக்கக் குண்டுவீச்சு விமானமான பி-17 பறவை மாதிரி இருக்கும் என்றால் இது இறக்கை வைத்த சரக்குப் பெட்டி.

இன்று உலகத்தில் முழு உருவத்தோடு மிஞ்சியிருக்கும் லிபரேட்டர்கள் ஒரு டஜனைச் சற்றே தாண்டும். அதில் ஆறு, இந்திய விமானப்படையிடம் இருந்தவை. பெரியப்பாவின் ஷெட் வழியாக வந்தவை என்றுகூடச் சொல்லலாம். இது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. அவருக்கும் தெரியாது.

கதை கான்பூரில் தொடங்குகிறது. போர்க்காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படை வங்காளத்திலும் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் லிபரேட்டர்களை வைத்திருந்தது. எல்லாம் அமெரிக்காவிடமிருந்து கடன்-குத்தகை ஒப்பந்தத்தில் வாங்கியவை. போர் முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும், அல்லது காசு கொடுக்க வேண்டும், அல்லது யாருக்கும் உதவாதபடி அழித்துவிட வேண்டும். திருப்பி அனுப்பினால் அங்கேயும் வாங்க ஆளில்லை. பிரிட்டனிடம் காசில்லை. ஆகவே கான்பூர் சக்கேரி தளத்தில் வரிசையாக நிறுத்தி, அழித்தார்கள். எஞ்சினுக்குள் மணலைக் கொட்டினார்கள், கருவிப் பலகைகளை உடைத்தார்கள், டயர்களைக் கிழித்தார்கள், டிராக்டரை விட்டு உடம்பில் இடித்தார்கள். அப்புறம் போய்விட்டார்கள்.

1947-இல் சுதந்திரம் வந்தது, கூடவே பிரிவினையும் காஷ்மீர்ச் சண்டையும். புது இந்தியாவிடம் கனரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்றுகூட இல்லை. வெளியே வாங்கப் பணமும் இல்லை. அப்போது யாருக்கோ கான்பூர் குப்பைமேடு ஞாபகம் வந்திருக்கிறது. எச்.ஏ.எல்.லிடம் கேட்டார்கள்: இதிலிருந்து ஏதாவது தேறுமா?

இது பைத்தியக்கார யோசனையாகப் படலாம். ஆனால் பெங்களூருக்கு இந்த வேலை புதிதில்லை. 1940-இல் வால்சந்த் ஹிராசந்த் மைசூர் சமஸ்தானத்தோடு சேர்ந்து தொடங்கிய அந்தத் தொழிற்சாலை, போர்க்காலத்தில் அமெரிக்க விமானப்படையின் பராமரிப்புத் தளமாக மாறியிருந்தது. பர்மா முனையில் அடிபட்டு வந்த அமெரிக்க விமானங்களை அங்கே பிரித்துப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கைகள்தான் 1948-இல் கான்பூருக்குப் போயின. இருப்பதில் நல்ல உடம்பாகப் பார்த்து, ஒன்றின் இறக்கையை இன்னொன்றில், ஒன்றின் எஞ்சினை வேறொன்றில் என்று மாற்றி, ஒரே ஒரு தடவை பறக்கிற அளவுக்குத் தேற்றினார்கள். ஒரே ஒரு தடவை என்றால் கான்பூரிலிருந்து பெங்களூர் வரை, நேர்கோட்டில் சுமார் 1,500 கிலோமீட்டர். முழு மராமத்து பெங்களூரில்.

அந்த ஒரு தடவையை ஓட்டியவர் எச்.ஏ.எல்.லின் தலைமைச் சோதனை விமானி ஜம்ஷெட் முன்ஷி. நாற்பதுக்கு மேற்பட்ட லிபரேட்டர்கள் இப்படிக் கான்பூர் மைதானத்திலிருந்து எழுந்து வந்தன. 42 என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. டிராக்டர் இடித்த உடம்பு, மணல் தின்ற எஞ்சின், யாரோ எப்போதோ வெட்டி விட்ட ஒயர். இதில் ஏறி உட்கார்ந்து எஞ்சினை முடுக்க என்ன நெஞ்சழுத்தம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அதையும் மறுபடி மறுபடி. நம் ஊர்ப் பாடப்புத்தகங்களில் அந்தப் பெயரை நான் பார்த்ததில்லை.

பெரியப்பா அந்தக் காலத்து ஆள் இல்லை. ஐந்து வருடம் கழித்துச் சேர்ந்தவர். ஆனால் முழு மராமத்துக்கு லிபரேட்டர்கள் வந்துகொண்டேதான் இருந்தன, மூத்த ஃபிட்டர்கள் கான்பூர்க் கதைகளைச் சொல்லிக்கொண்டேதான் இருந்தார்கள். "உள்ளே தகட்டைத் தட்டினா இன்னும் மணல் கொட்டும்டா" என்பார். அது கதையா நிஜமா என்று கேட்டால் சிரிப்பார்.

ரிவெட் அடிப்பது எப்படி என்று எனக்கு ஒருமுறை தோசைக் கரண்டியையும் தாம்பாளத்தையும் வைத்துக் காட்டினார். இரண்டு பேர் வேண்டும். வெளியே ஒருவர் காற்றுத் துப்பாக்கியோடு நிற்பார். உள்ளே ஒருவர் டாலி என்கிற இரும்புக் கட்டியை ரிவெட்டின் வாலில் அழுத்திப் பிடித்திருப்பார். வெளியே அடி விழும்போது உள்ளே வால் நசுங்கிப் பூப்போல விரிய வேண்டும். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது, சத்தத்தில் குரலும் கேட்காது. எனவே உள்ளே இருப்பவர் தகட்டில் தட்டிச் சொல்வார். ஒரு தட்டு என்றால் இன்னும் அடி. இரண்டு தட்டு, போதும். மூன்று தட்டு, கெட்டுப்போச்சு, கழற்று. ஒல்லியான பையன்களைத்தான் உள்ளே அனுப்புவார்கள். பெரியப்பா அப்போது ஒல்லி. லிபரேட்டரின் வால் பகுதிக்குள் குப்புறப் படுத்துக்கொண்டு, மே மாத வெயிலில் அலுமினியம் கொதிக்க, டாலியைப் பிடித்தபடி ஒரு பகலை ஓட்டுவாராம். "எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு தகடு. ஒரு வருஷம் அவன்கூட வேலை பார்த்தேன், அவன் முகத்தைவிட அவன் கைதான் எனக்கு நல்லாத் தெரியும்" என்றார். அந்த நண்பர் பெயரைக் கேட்டபோது கொஞ்ச நேரம் யோசித்தார், வரவில்லை.

ஓட்டையை அடைப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. கிழிந்த ஓரத்தை அப்படியே விட்டு மேலே தகடு ஒட்டினால் விரிசல் ஓடிக்கொண்டே போகும். முதலில் விரிசலின் நுனியைத் தேடிப் பிடித்து, அங்கே ஒரு சின்னத் துளை போட வேண்டும். ஓடுகிற விரிசல் அந்த வட்டத்துக்கு வந்ததும் நின்றுவிடும். அப்புறம் ஓரத்தை வட்டமாக வெட்டி, உள்ளே ஒரு தகடு கொடுத்து, சுற்றி ரிவெட். அடிபட்ட இடம் நிலா மாதிரி தெரியும். அவர் அதைப் 'பேட்ச்' என்றுதான் சொல்வார்.

2004-இல் வேலை விஷயமாக டெல்லி போனபோது பாலம் விமானப்படை அருங்காட்சியகத்துக்குப் போனேன். கிளம்பும் முன்பே பெரியப்பாவின் உத்தரவு வந்திருந்தது: லிப்ரேட்டர் இருக்கிறதாம், பார்த்துவிட்டு வா. பக்கத்திலேயே விமான நிலையம், பயணிகள் விமானங்கள் தலைக்கு மேலேயே இறங்கிக்கொண்டிருந்தன. உள்ளே இந்திய விமானப்படையின் முதல் விமான வகையான வாபிட்டி, வேறெங்கேயும் மிஞ்சாத அந்த வகையில் ஒன்றே ஒன்று, அமைதியாக நிற்கிறது. ஜப்பானியர்களின் ஓகா இருக்கிறது. அது விமானம்கூட இல்லை, ஆள் உட்கார்ந்து ஓட்டுகிற குண்டு. ஓட்டுகிறவர் திரும்பி வருவதற்கு அதில் ஏற்பாடே கிடையாது. இருக்கை மட்டும் இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதைச் சுற்றி நின்று வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்கள்.

லிபரேட்டர் வெள்ளி நிறத்தில், மூவர்ண வட்டச் சின்னத்தோடு நின்றது. எச்.இ. 924. நான் நினைத்ததைவிடத் தரைக்கு நெருக்கம். மூக்குச் சக்கரத்தில் நிற்பதால் வயிறு தாழ்ந்து கிடக்கிறது, அடியில் போக வேண்டுமானால் நன்றாகக் குனிய வேண்டும். குண்டு அறையின் கதவுகள் வெளியே திறப்பவை அல்ல. கடை ஷட்டர் மாதிரி இரு பக்கமும் மேலே சுருண்டு ஏறும். போர்க்காலத்தில் சிப்பந்திகள் அந்த வழியாகத்தான் உள்ளே ஏறுவார்கள். அறைக்கு நடுவே முன்னாலிருந்து பின்னால் போக ஒன்பது அங்குல அகலத்தில் ஒரு நடைபலகை. ஒரு சாண் அகலம். பறக்கும்போது, கீழே கதவு திறந்திருக்கையில், குளிர் உடையும் ஆக்சிஜன் குழாயுமாக அதில் நடக்க வேண்டும். எரிபொருள் ஆவி தங்கிவிடக்கூடாது என்று கதவைக் கொஞ்சம் திறந்தே வைத்துப் பறந்தவர்களும் உண்டு.

அங்கிருந்தே பெரியப்பாவுக்குப் போன் செய்தேன். இருக்கிறது என்றேன். நல்லா இருக்கா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "வயித்துக்கடியில போய்ப் பார்த்தியா? பேட்ச் தெரியுதா?" தூரத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள், கிட்டே விடமாட்டார்கள் என்றேன். "அப்ப என்னத்த பார்த்த?" என்று வைத்துவிட்டார்.

அவர் கேள்வி நியாயமானது என்று எனக்குப் புரிய ஏழு வருடம் ஆனது.

பாலத்தில் இன்னொரு குட்டி விமானம் இருக்கிறது, வெஸ்ட்லாண்ட் லைசாண்டர். அது எப்படி வந்தது தெரியுமா? கனடாக்காரர்களுக்கு லிபரேட்டர் வேண்டியிருந்தது. அவர்களே போர்க்காலத்தில் லிபரேட்டர் ஓட்டியவர்கள், ஆனால் ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை. இந்தியாவிடம் கேட்டு, பதிலுக்கு லைசாண்டரைக் கொடுத்தார்கள். 1968-இல் ஒரு லிபரேட்டர் ஒட்டாவாவுக்குப் பறந்தது. பழைய பாத்திரத்தைப் போட்டுப் புதுப் பாத்திரம் வாங்குகிற கணக்கு. இதில் இரண்டுமே பழசு.

1968 முக்கியமான வருடம். புனேயிலிருந்த 6-ஆம் ஸ்குவாட்ரன் லிபரேட்டர்களைக் கடலோரக் கண்காணிப்புக்காக அதுவரை ஓட்டிக்கொண்டிருந்தது. முதலில் ஓட்டியது, 1948 நவம்பரில் கான்பூரிலேயே தொடங்கிய 5-ஆம் ஸ்குவாட்ரன். 1957-இல் அவர்களுக்கு கான்பெரா ஜெட் வந்துவிட்டது. ஆனாலும் லிபரேட்டர் ஓயவில்லை. உலகமே இதை உருக்கி முடித்து இருபது வருடம் ஆன பிறகும் இந்தியா இதில் பறந்துகொண்டிருந்தது. ஓய்வு கொடுத்தார்கள் என்ற செய்தி பரவியதும்தான் வெள்ளைக்கார மியூசியங்கள் விழித்துக்கொண்டன. ஒன்று 1969-இல் அரிசோனாவின் டூசானுக்குப் பறந்தது, இன்று பீமா அருங்காட்சியகத்தில் நிற்கிறது. ஒன்று 1974-இல் இங்கிலாந்துக்குப் பறந்தது. ஒன்று ஃபுளோரிடாவின் போல்க் சிட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. இன்னொன்று பதின்மூன்று வருடம் கேட்பாரற்றுக் கிடந்து, ஒரு பிரிட்டிஷ் சேகரிப்பாளர் கைக்குப் போய், அங்கிருந்து அமெரிக்காவின் காலிங்ஸ் அறக்கட்டளைக்குப் போய், 1989-இல் மறுபடி பறந்தது.

யோசித்தால் வேடிக்கையாக இருக்கிறது. போர் முடிந்தபோது அமெரிக்காவிடம் இருந்தது மலைமலையான விமானம். அரிசோனாவின் கிங்மனில் மட்டும் 5,000-க்கு மேற்பட்டவற்றை வரிசையாக நிறுத்தி, வெட்டி, உலையில் போட்டு அலுமினியப் பாளமாக்கினார்கள். சிலவற்றின் டாங்கியில் இருந்த பெட்ரோலின் விலையே விமானத்தின் விலையைவிட அதிகம் என்பார்கள். வசதி உள்ளவன் தூக்கி எறிந்தான். இல்லாதவன் எறிய முடியாமல் ஒட்டுப் போட்டு ஓட்டினான். கடைசியில், எறிந்தவன் பேரன் வந்து கேட்டபோது எடுத்துக் கொடுக்க இல்லாதவனிடம்தான் சாமான் இருந்தது. எங்கள் வீட்டில் பித்தளை அண்டா விஷயத்தில் இதே கதை நடந்திருக்கிறது, அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

2011-இல் கம்பெனி வேலையாக ஆறு மாதம் லண்டனில் இருந்தேன். வெம்பிளியில் ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பத்தின் மாடி அறையில் வாடகை. வீட்டுக்காரரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். 1991-இல் வந்தவர், ஊர் மயிலிட்டிப் பக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹெண்டன் விமானப்படை அருங்காட்சியகத்துக்குப் போகப் போகிறேன் என்றேன், அனுமதி இலவசம் என்றும் சொன்னேன். "என்னத்துக்கு?" என்றார். பெரியப்பா கதையைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, தானே காரை எடுத்தார்.

குண்டுவீச்சு விமானங்களுக்கென்று அங்கே தனிக் கூடம், வெளிச்சம் குறைவு. நுழைந்ததும் லங்காஸ்டர். 7,377 கட்டியதில் உலகத்தில் இன்று பறப்பவை இரண்டே இரண்டு. ஒன்று பிரிட்டனிடம், மற்றொன்று கனடாவின் ஹாமில்டனில். ஹெண்டனில் நிற்பது 137 முறை போய்த் திரும்பியது. மூக்குப் பக்கத்தில் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு குட்டிக் குண்டு வரைந்திருக்கிறார்கள், வரிசை வரிசையாக. கீழே, எந்த எதிரி விமானமும் ஜெர்மன் மண்ணின் மேல் பறக்காது என்று ஹிட்லரின் விமானப்படைத் தளபதி கோயரிங் சவடால் விட்ட வாசகத்தையும் எழுதி வைத்திருக்கிறார்கள். கிண்டல்தான். நான் சிரித்தேன். அண்ணை அந்தக் குட்டிக் குண்டுகளை விரலால் காற்றில் எண்ணிக்கொண்டே போனார். பாதியில் நிறுத்தினார்.

"எத்தினை தரம் போனது எண்டு எழுதியிருக்கினம். ஆற்ற ஊருக்கு மேல எண்டு எழுதேல்லை."

அவர்கள் ஊரில் குண்டுவீச்சு விமானத்துக்குப் பெயர் பொம்மர். நான் பெங்களூரில் பஸ் சத்தத்தை வைத்து நம்பர் சொல்லிப் பழகிய வயதில், அவர்கள் வானத்துச் சத்தத்தை வைத்து இது ஹெலி, இது அவ்ரோ, இது பொம்மர் என்று பிரித்துச் சொல்லப் பழகியிருக்கிறார்கள். சியாய் மார்ச்செட்டி என்ற இத்தாலி விமானம் அங்கே சியாமாசெட்டி ஆகியிருந்தது. பக்கத்துத் தெருச் செட்டியார் பெயர் மாதிரி. பயணிகளை ஏற்றுகிற அவ்ரோவிலிருந்து பீப்பாய்க் குண்டுகளை உருட்டிவிட்டதும் உண்டு. முற்றத்தில் வெட்டிய பங்கருக்குள் மழைக்காலத்தில் தவளையோடு உட்கார்ந்திருந்ததைச் சொல்லும்போது மட்டும் சிரித்தார்.

அடுத்தது ஹாலிஃபாக்ஸ். அந்தக் கூடத்தில் எனக்குப் பிடித்தது அதுதான், சந்தேகமே இல்லை. 1942 ஏப்ரலில் நார்வேயில் டிர்பிட்ஸ் என்ற ஜெர்மன் போர்க்கப்பலைத் தாக்கப் போய் அடிவாங்கி, உறைந்த ஏரியின் மேல் இறங்கியது. ஆட்கள் பிழைத்துக்கொண்டார்கள். பனி உருகியதும் விமானம் ஏரிக்குள் போய்விட்டது. 1973-இல் வெளியே எடுத்தார்கள். எடுத்ததைப் பெரும்பாலும் அப்படியே போட்டிருக்கிறார்கள், புதுசாக்கவில்லை. தோல் உரிந்து, விலா எலும்பு தெரிய, கருவாடு மாதிரி கிடக்கிறது. நன்றாகச் சாயம் அடித்து நிறுத்திய விமானத்தைப் பார்த்தால் அதன் அழகுதான் முதலில் கண்ணில் படுகிறது. இதைப் பார்த்தால் அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்கத் தோன்றுகிறது.

அப்புறம், ஒரு மூலை திரும்பியதும், லிபரேட்டர். கே.என். 751. போர் முடியும் தறுவாயில் 99-ஆம் ஸ்குவாட்ரனோடு கோகோஸ் தீவுகளில் இருந்தது. சில மாதம். அதற்குப் பிறகு இந்திய விமானப்படையில் ஏறக்குறைய இருபது வருடம். அதன் மேல் இருப்பது பிரிட்டிஷ் அடையாளங்கள்.

என் வருத்தம் இங்கேதான். டூசானில் இருப்பது இந்தியாவிலிருந்தே நேராகப் போனது. அதன் மூக்கில் 'பங்கே பக்கரூ' என்று எழுதி, இங்கிலாந்தின் பங்கே ஊர்த் தளத்திலிருந்து பறந்த வேறொரு அமெரிக்க விமானத்தின் வேஷம் போட்டிருக்கிறார்கள். காலிங்ஸ் விமானத்துக்கு முதலில் 'ஆல் அமெரிக்கன்' என்று பெயர். பிறகு உடம்பு முழுக்க ஒரு டிராகன். பிறகு 'விட்ச்கிராஃப்ட்'. மூன்றுமே வேறு விமானங்களின் நினைவுக்காக. அந்த விமானங்களில் பறந்து செத்தவர்களின் குடும்பங்களுக்கு வந்து தொட்டுப் பார்க்க ஒன்று வேண்டும், அது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் உருகிப் போகாமல் இந்த உடம்பைக் காப்பாற்றிய இருபது வருடத்துக்கு ஒரு கோடு சாயம்கூட இல்லை. ஆறில் ஒன்றுதான், பாலத்தில் நிற்பதுதான், தன் நீண்ட வேலையின் உடுப்போடு நிற்கிறது. விளக்கப் பலகையில் ஒரு வரி இருக்கிறது என்று யாராவது சொல்வார்கள். பலகையை எத்தனை பேர் படிக்கிறார்கள்? சாயத்தை எல்லாரும் பார்க்கிறார்கள்.

பறக்க விடுவதா, நிறுத்தி வைப்பதா என்று அமெரிக்காவில் இன்னொரு சண்டை நடக்கிறது. 2019 அக்டோபரில் காலிங்ஸ் அறக்கட்டளையின் பி-17 ஒன்று கனெக்டிகட்டில் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். 2022 நவம்பரில் டல்லஸ் விமானக் காட்சியில் இன்னொரு பி-17-ம் ஒரு சண்டை விமானமும் வானத்திலேயே மோதி ஆறு பேர். அதற்கப்புறமும் பறக்க வேண்டும் என்பவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. எண்பது வயதுக்காரரை மாடிப்படி ஏறச் சொல்லிக் கைதட்டுவது போலத்தான் எனக்குப் படுகிறது.

அண்ணை லிபரேட்டருக்குக் கிட்டே போய், கயிற்றுக்கு இந்தப் பக்கமே குந்தி உட்கார்ந்து, வயிற்றைப் பார்த்தார். நானும் உட்கார்ந்தேன். போர்க்காலத்தில் இந்த வகை விமானங்கள் அவர் ஊருக்குப் பக்கத்திலேயே நின்றவை என்று சொன்னேன். 1945-இல் 203-ஆம் ஸ்குவாட்ரன் லிபரேட்டர்களோடு காங்கேசன்துறைத் தளத்தில் இருந்தது. இன்றைய பலாலி. சென்னைப் பரங்கிமலையில் 200-ஆம் ஸ்குவாட்ரன்.

"அப்பா சொல்லுறவர். வெள்ளைக்காரன்ர காலத்தில பெரிய பிளேன் வந்து நிண்டதாம், பொடியள் வேலிக்குள்ளால நிண்டு பாக்கிறவையாம்." அப்பாவுக்கு அது வேடிக்கை. மகனுக்கு அதே ஓடுபாதைப் பக்கத்திலிருந்து 1990-இல் ஓட வேண்டி வந்தது.

இந்த விமானங்கள் எங்கெல்லாம் போயின என்பதையும் சொன்னேன். 1944 அக்டோபரில் வங்காளத்திலிருந்து 159-ஆம் ஸ்குவாட்ரனின் 15 லிபரேட்டர்கள் பினாங்குத் துறைமுகத்தில் கண்ணிவெடி போட்டுவிட்டுத் திரும்பின. போக வர 3,000 மைல். சயாம் மரண ரயில் பாதையின் பாலங்களைக் குறிவைத்ததும் லிபரேட்டர்கள்தான். 415 கிலோமீட்டர் பாதை, மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டு போட்ட பாதை. 1945-இல் குவாய் ஆற்று இரும்புப் பாலத்தின் நடு வளைவுகள் விழுந்தன. இப்போது அங்கே போனால், வளைந்த தூலங்களுக்கு நடுவே நேர்க்கோணமாக இரண்டு தூலங்கள் தெரியும். அவை போருக்குப் பின் மாட்டியவை. பேட்ச்தான், ஒரு வகையில். குண்டு விழுந்தபோது அந்தப் பாதையோரம் கைதிகளும் கூலிகளும் இருந்தார்கள். மேலே இருந்தவர்களுக்குக் கீழே இருப்பது நண்பனா எதிரியா என்று பிரித்துப் போட வழியில்லை.

அண்ணை இதற்கெல்லாம் ஒன்றும் சொல்லவில்லை. குண்டு அறையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாங்கள் உதை எப்பவும் கீழயிருந்துதானே பாத்தனாங்கள்," என்றார் கடைசியில். "உள்ளுக்கு இப்பிடியா இருக்கும். கடைக் கதவு மாதிரி." எழும்பும்போது முழங்கால் பிடித்துக்கொண்டது, என் தோளைப் பிடித்துக்கொண்டார். "வாரும், தேத்தண்ணி குடிப்பம்."

போகும் முன் நான் கேமராவைக் கயிற்றுக்கு மேலே நீட்டி, வால் பக்கத்துத் தகட்டை எட்டுப் பத்துப் படம் எடுத்தேன். ஜூம் போட்டு, ரிவெட் வரிசை தெரிகிற மாதிரி. காவலர் ஒருவர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மூக்கைப் படம் எடுக்கிறவர்களைத்தான் அவர் நாள் முழுக்கப் பார்த்திருப்பார்.

ஊருக்குத் திரும்பியதும் படங்களைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு அல்சூர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். பெரியப்பாவுக்கு அப்போது 76. கண்புரை அறுவை செய்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. முழு விமானப் படத்தைக் கொடுத்தேன். "சாயத்தை மாத்திட்டானுங்களா" என்று ஓரமாக வைத்துவிட்டார். வால் பக்கத்துப் படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனார். வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். கட்டைவிரலால் காகிதத்தைத் தடவினார், பழக்கதோஷத்தில். ஒரு படத்தில் வெகுநேரம் நின்றார். தகட்டின் மேல் இன்னொரு தகடு, சுற்றிலும் நெருக்கமாக ரிவெட். பேட்ச்.

"இது நம்ம வேலையா பெரியப்பா? இல்ல அமெரிக்காவுலயே போட்டதா?"

"அது எப்படிடா சொல்ல முடியும்." படத்தைக் கண்ணுக்கு இன்னும் கிட்டே கொண்டுபோனார். "ஆனா இங்க பாரு, மூணாவதுலேருந்து கோணிக்கிட்டே போவுது. உள்ள டாலி புடிச்சவன் நகர்ந்துட்டான்."

பெரியம்மாவைக் கூப்பிட்டு அதையும் காட்டினார்.